குரல் பதிவுக்கு எவ்வளவு கேட்பது? திருகோணமலையிலிருந்து வேலை செய்வோருக்கான கேள்வி பதில்

திருகோணமலையிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் போன்ற அயலூர்களிலும் வீட்டிலிருந்தபடியே விளம்பரங்களுக்கும் விவரணப்படங்களுக்கும் தொலைபேசி அறிவிப்புகளுக்கும் குரல் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உவர்மலையில் ஒரு சிறிய அறையை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற அளவில்தான் பதில் சொல்கிறேன். கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. அவற்றைச் சந்தை விலையாகக் கொள்ள வேண்டாம்.

மற்றவர்கள் வாங்கும் தொகையைச் சொன்னால் அதையே நானும் கேட்கலாமே?

கேட்கலாம்; ஆனால் அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று தெரியாமல் கேட்டால் நட்டம் உங்களுக்குத்தான். கொழும்பில் ஒருவர் 30 விநாடி விளம்பரத்துக்கு வாங்கும் பணம், கலையகத்துக்குப் போய் வாசித்துவிட்டு வருவதற்கு மட்டுமானதாக இருக்கக்கூடும். ஒலிப்பதிவையும் எடிட்டிங்கையும் இரைச்சல் நீக்குவதையும் அங்கே வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் பதிவுசெய்யும் நீங்களோ மூன்று பேருடைய வேலையைத் தனியாளாகச் செய்கிறீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் குளோபல் வொய்ஸ் அக்டிங் அகடமி போன்ற அமைப்புகளின் கட்டண வழிகாட்டிகள் வெளிநாட்டுச் சந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள எண்களை விட்டுவிடுங்கள். வானொலி, தொலைக்காட்சியில் போகும் வேலையையும், நிறுவனத்துக்குள்ளேயே போட்டுக்காட்டும் வேலையையும், ஒலிநூலையும், தொலைபேசி அறிவிப்பையும் அவை எப்படித் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன என்பதைப் பாருங்கள். அந்தப் பிரிப்பு நமக்கும் அப்படியே பொருந்தும்.

என் அடிமட்டக் கட்டணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மாதத்துக்கு உங்களுக்கு வேண்டிய தொகையை முதலில் எழுதுங்கள். வீட்டுச் செலவில் உங்கள் பங்கு, மின்சாரம், இணையம் ஆகியவற்றோடு, மைக், ஹெட்போன், கணினி ஆகியவற்றின் விலையை அவை உழைக்கக்கூடிய மாதங்களால் வகுத்து வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 120,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 130 மணித்தியாலம் நீங்கள் வேலையில் இருந்தாலும், அதில் பாதிக்கு மேல் வட்ஸ்அப்பில் பதில் எழுதுவதிலும், மாதிரி அனுப்புவதிலும், வரவேண்டிய பணத்தை நினைவூட்டுவதிலும் கரைந்துவிடும். கூலி கிடைக்கும் நேரம் 60 மணித்தியாலம் என்று கொண்டால், ஒரு மணித்தியாலத்துக்கு 2,000 ரூபாய் வருகிறது.

அடுத்ததாக, ஒரு வேலையைக் கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். ஐந்து நிமிட விவரணம் ஒன்றைப் பதிவுக்கு முன் ஒரு தடவை வாய்விட்டு வாசிப்பதும், பதிவுசெய்வதும், தடுமாறிய இடங்களையும் பெருமூச்சுகளையும் வெட்டுவதும், கடைசியில் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்பதும், பெயரிட்டு அனுப்புவதுமாக எனக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போகிறது. அதாவது முடிவடைந்த ஒலி ஒரு நிமிடத்துக்கு 15 நிமிட உழைப்பு. மேலே சொன்ன கணக்கில் 500 ரூபாய். இதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் வாடிக்கையாளருக்குக் கைக்காசு கொடுத்து வேலை செய்கிறீர்கள் என்று பொருள். புதியவருக்கு இதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அந்த மேலதிக நேரத்தை வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது. அது தொழில் பழகும் செலவு.

இந்தக் கணக்கு உழைப்புக்கு மட்டுமானது. குரலைப் பயன்படுத்தும் உரிமைக்கான கட்டணம் தனியானது. அதற்குக் கீழே வருகிறேன். நான் பார்த்தவரையில், இந்த இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லிவிடுவதுதான் நம்மில் பலருக்கு நேரும் மிகப் பெரிய இழப்பு.

சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்பதா, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கேட்பதா?

தமிழுக்கு நிமிடக் கணக்கே பாதுகாப்பானது. ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்று வழக்கமாகக் கணக்கிடுவார்கள். நிதானமான விவரண நடையில் தமிழை நான் வாசிக்கும்போது 90 முதல் 110 சொற்கள்தான் வருகின்றன. "செலுத்தப்படாதிருப்பவற்றுக்கு" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலக்காரர் அதை ஐந்தாறு சொற்களில் சொல்வார். ஆங்கிலத்துக்கு வைத்த சொற்கட்டணத்தைத் தமிழுக்கும் ஒப்புக்கொண்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருமானம் அந்த இடத்திலேயே போய்விடும்.

இலக்கங்கள் வரும் பிரதியில் நிலைமை இன்னும் மோசம். "245,378" என்று அச்சிட்டிருப்பதைக் கணினி ஒரு சொல்லாக எண்ணும். நீங்கள் "இரண்டு இலட்சத்து நாற்பத்தையாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு" என்று வாசிக்க வேண்டும். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் கணினிக்கு ஒரு சொல்தான். ஓர் அபிவிருத்தித் திட்டத்தின் ஆண்டறிக்கைக் காணொளிக்குச் சொற்கணக்கில் விலை சொல்லிவிட்டு, மூன்று நிமிடம் வரும் என்று நினைத்திருந்தது ஐந்து நிமிடத்துக்கு நீண்டபோதுதான் இது எனக்கு உறைத்தது.

வாடிக்கையாளர் சொற்கணக்கைத்தான் விரும்புகிறார் என்றால், இலக்கங்களையும் சுருக்கெழுத்துகளையும் இணைய முகவரிகளையும் எழுத்தால் விரித்து எழுதிய பிறகே எண்ணுவதாகச் சொல்லுங்கள். ஒலிநூலுக்கு முடிவடைந்த ஒலியின் மணித்தியாலக் கணக்கு வழக்கம். தமிழில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 6,000 சொற்கள் என்று மதிப்பிட்டால் பெரிய பிழை வராது.

இருபது சொற்கள் உள்ள ஒரு தொலைபேசி வரவேற்புக்கு எவ்வளவு கேட்பது?

குறைந்தபட்சக் கட்டணத்தை. மைக்கை எடுத்து வைப்பதற்கும் அறையை அடைப்பதற்கும் கோப்பை அனுப்புவதற்கும் எடுக்கும் நேரம் இருபது சொல்லுக்கும் இருநூறு சொல்லுக்கும் ஒன்றுதான். ஒன்றரை மணித்தியாலத்தின் கூலி, அதாவது மேலே சொன்ன கணக்கில் 3,000 ரூபாய், என் குறைந்தபட்சம்.

வங்கி, காப்புறுதி போன்றவற்றின் தானியங்கித் தொலைபேசி அறிவிப்புகளுக்கும் அதே முறையா?

இல்லை. அங்கே துண்டுக்கு இவ்வளவு என்று கேட்க வேண்டும், அதுவும் துண்டுகளின் பட்டியலைப் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும். இந்த வேலையில் தமிழ் எப்படிக் காலை வாரிவிடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வாடிக்கையாளரின் நிலுவைத் தொகையை இயந்திரம் வாசித்துச் சொல்ல வேண்டுமானால், இலக்கங்களைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். வரும் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகத் தயாரிக்கப்பட்டதாக இருக்கும்: பூச்சியம் முதல் பத்தொன்பது வரை 20 துண்டுகள், இருபது முதல் தொண்ணூறு வரையான பத்துகள் 8, நூறு, ஆயிரம், மொத்தம் 30. தமிழில் "இருபது" என்ற துண்டையும் "ஒன்று" என்ற துண்டையும் ஒட்டினால் "இருபத்தொன்று" வராது. "எழுநூறு" தனியே நிற்கும். பின்னால் இலக்கம் வந்தால் "எழுநூற்று" ஆகிவிடும். "ஐந்து", "ஆயிரம்" என்ற இரண்டையும் சேர்த்தால் "ஐயாயிரம்" கிடைக்காது. பின்னால் இருநூறு வந்தால் அது "ஐயாயிரத்து" ஆக வேண்டும். ஆகவே 99,999 வரை இயல்பாகச் சொல்ல வேண்டுமானால், ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை 99, நூறுகள் இரண்டு வடிவங்களில் 18, ஆயிரங்கள் இரண்டு வடிவங்களில் 198 என்று 315 துண்டுகள் வேண்டும். முப்பதுக்கு விலை சொல்லிவிட்டு முந்நூற்றுப் பதினைந்தைப் பதிவுசெய்வது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முப்பதோடு நிறுத்திக்கொண்டால், "ஐந்து. ஆயிரம். இரண்டு. நூறு." என்று தொலைபேசி திக்கித் திக்கிப் பேசும், பழி உங்கள் குரலுக்கு வரும்.

விலை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். மென்பொருள் செய்பவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். அவருக்கும் அது உதவி. ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கோப்புப் பெயர் கேட்பார்கள். வாசிப்பதைவிடப் பெயரிடுவதற்கே கூடிய நேரம் போகும் என்பதால் அதையும் கட்டணத்தில் சேருங்கள். தொலைபேசிக்கு 8 கிலோஹேர்ட்ஸ் (ஒலியை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவுசெய்கிறோம் என்பதைக் காட்டும் அளவு) கோப்பே போதும் என்று சொன்னாலும், 48 கிலோஹேர்ட்ஸில் பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு மாற்றிக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்து நான்கு துண்டு கூடுதலாகக் கேட்பார்கள்.

குரலைப் பயன்படுத்தும் உரிமைக்குத் தனியாகக் கேட்பது சரியா? வாசித்ததற்குத்தான் பணம் கொடுத்துவிட்டார்களே?

என் தொடக்க காலத்தில், பேஸ்புக்கில் போடுவதற்கென்று சொல்லிக் கேட்ட நிறுவனமொன்றுக்கு 40 விநாடி விளம்பரம் ஒன்றைப் பதிவுசெய்து கொடுத்தேன். ஏழெட்டு மாதம் கழித்துக் கொழும்புக்குப் போகும் வழியில் பஸ் ஹபரணையில் நின்றபோது, தேநீர்க்கடை வானொலியிலிருந்து என் குரல் என்னையே கடைக்கு வாருங்கள் என்று அழைத்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். நீங்கள் அனுப்பிய விலைக்கூற்றில் "குரல் பதிவுக் கட்டணம்" என்று மட்டும்தானே இருக்கிறது, எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று ஒன்றும் இல்லையே என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். எழுதாமல் விட்டவன் நான்.

2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநர்களின் உரிமைகளையும் பேசுகிறது என்பது உண்மை. ஆனாலும் ஒரு சிறிய தகராற்றில் எடுத்துக் காட்டக்கூடியது உங்கள் விலைக்கூற்று ஒன்றுதான். ஆகவே அதில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: எந்த ஊடகத்தில், எந்த நாட்டில் அல்லது பிரதேசத்தில், எவ்வளவு காலத்துக்கு, போட்டி நிறுவனங்களுக்குக் குரல் கொடுக்க உங்களுக்குத் தடை உண்டா இல்லையா. கடைசியாகச் சொன்னதை இலேசாக எண்ண வேண்டாம். ஒரு வங்கி உங்கள் குரலை ஒரு வருடத்துக்குத் தனக்கே உரியதாகக் கேட்டால், மற்ற எல்லா வங்கிகளிடமிருந்தும் அந்த வருடம் வரக்கூடிய வேலையை நீங்கள் இழக்கிறீர்கள்.

என் நடைமுறை எளிமையானது. நிறுவனத்துக்குள் பயிற்சிக்காகப் போடும் காணொளிக்கு உழைப்புக் கட்டணம் மட்டும். சமூக ஊடகத்தில் ஒரு வருடம் என்றால் அதே அளவு இன்னொரு பங்கு. நாடு முழுவதும் வானொலி அல்லது தொலைக்காட்சியில் மூன்று மாதம் என்றால் உழைப்பின் இரண்டு பங்கை உரிமைக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி நகரத்துக்குள் மூன்று நாள் சுற்றும் கடைத் திறப்பு விழா அறிவிப்புக்கு உரிமைக் கட்டணம் கேட்பதில்லை. மூன்று நாளில் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

கலையகம் இல்லாமல் வீட்டில் பதிவுசெய்வதால் குறைத்துக் கேட்க வேண்டுமா?

வாடிக்கையாளர் கேட்கும் தரத்தில் கோப்பைக் கொடுக்க முடிந்தால் எதற்காகக் குறைக்க வேண்டும்? வாடிக்கையாளருக்குக் கலையக வாடகை மிச்சமாகிறது; அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது.

திருகோணமலையில் அமைதி இலவசமாகக் கிடைப்பதில்லை. காலையில் காகம், ஆறரை மணிக்குப் பீத்தோவனின் மெட்டை இசைத்துக்கொண்டு பாண் வண்டி, கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, பள்ளிக்கூட வான், பின்னேரம் கடற்காற்று யன்னலைத் தட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏப்ரல் மாத வெக்கையில் போர்வைகளுக்கு நடுவே பத்து நிமிடம் வாசித்தால் வியர்வை பிரதியில் சொட்டும். நானே பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் பதிவுசெய்கிறேன். மார்கழி மழை தகரத்தில் விழத் தொடங்கினால் அதுவும் இல்லை. உப்புக்காற்றில் கண்டென்சர் மைக் கெட்டுப்போகாமலிருக்க, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மூட வேண்டும். இவை அத்தனையும் உங்கள் நேரம், ஆகவே உங்கள் செலவு.

இதிலிருந்து கட்டணத்தோடு தொடர்புள்ள ஒரு விடயம் வருகிறது. "இன்று பின்னேரத்துக்குள் வேண்டும்" என்பவரிடம் அவசரக் கட்டணம் கேளுங்கள். பகலில் பதிவுசெய்வதென்றால், காகத்துக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளிகளில் ஒரே பந்தியைப் பல தடவை வாசிக்க வேண்டியிருக்கும். நான் அரைப் பங்கு கூட்டிக் கேட்கிறேன்.

திருத்தம் கேட்டால் மறுபடி பணம் வாங்கலாமா?

பிழை யாருடையது என்று பாருங்கள். சொல்லைத் தவறாக வாசித்தாலோ, சொன்ன தொனியில் பேசாவிட்டாலோ இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிரதியை அவர்கள் மாற்றினால் அது புதிய வேலை. "இன்னும் கொஞ்சம் உயிரோடு" என்பது போன்ற கோரிக்கைகளுக்கு ஒரு சுற்று இலவசம் என்று முன்னரே எழுதிவிடுங்கள். நீண்ட வேலையாக இருந்தால் முதல் ஒரு நிமிடத்தை அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகு தொடர்ந்தால் இந்தத் தகராறில் பெரும்பகுதி எழாது.

வரும் பிரதியே பிழையான தமிழில் இருந்தால்?

அடிக்கடி நடப்பதுதான். சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை அப்படியே அனுப்புவார்கள். வாசித்துக் கொடுத்தால் கேட்பவர் எழுதியவரைத் திட்டமாட்டார், உங்களைத்தான் திட்டுவார். செம்மைப்படுத்தலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனி வரியில் விலை எழுதுங்கள். சும்மா திருத்திக் கொடுக்கும் பழக்கத்தை நானும் வைத்திருந்தேன்; அதனால் ஒரு வாடிக்கையாளர் என்னைத் தன் மொழிபெயர்ப்பாளராகவே நினைத்துக்கொண்டார்.

இலங்கைத் தமிழில் பேசத் தெரிவதற்குத் தனி விலை உண்டா?

தனி விலை இல்லை, தனித் தேவை உண்டு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் போன்றோரின் வானொலித் தமிழைக் கேட்டு வளர்ந்த புலம்பெயர்ந்த வாடிக்கையாளர்கள் அந்தத் தெளிவான உச்சரிப்பைத் தேடி வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் "இலங்கைத் தமிழ்" என்று சொல்லும்போது யாழ்ப்பாணப் பேச்சை மனத்தில் வைத்திருக்கலாம். திருகோணமலைப் பேச்சு வேறு, மூதூர் முஸ்லிம்களின் பேச்சு வேறு என்று அவருக்குத் தெரியாது. விலை சொல்வதற்கு முன் ஒரு நிமிட மாதிரி அனுப்பி, இதுதானா வேண்டியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் கூட்டிக் கேட்கலாமா? எந்த நாணயத்தில்?

உழைப்பின் விலையை வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. உரிமைக் கட்டணம் மாறலாம்; கனடா முழுவதும் போகும் விளம்பரமும் கிண்ணியாவில் ஒரு புடவைக் கடைக்கு ஓடும் விளம்பரமும் ஒன்றல்ல. அதேவேளை, திருகோணமலையில் இருக்கிறேன், ஆகவே மலிவு என்று நீங்களாகவே தொடங்க வேண்டாம்.

நாணயம் டொலராக இருக்கட்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த வருட மே மாதமளவில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. வருட ஒப்பந்தத்தை ரூபாயில் எழுதியிருந்தவர்களுடைய மைக்கும் கேபிளும் கண்ணெதிரே இரட்டை விலையானபோது வருமானம் அங்கேயே நின்றது. ஃபைவர் போன்ற தளத்தில் வேலை எடுத்தால் அது 20 வீதம் கழித்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து விலை வையுங்கள். 50 டொலர் என்று போட்டால் உங்களுக்கு வருவது 40. நேரடி வாடிக்கையாளராக இருந்தால், பணம் அனுப்பும் செலவு யாருடையது என்பதை விலைக்கூற்றிலேயே எழுதுங்கள்.

வருமான வரி?

2025 ஏப்ரல் 1 இலிருந்து தனிநபருக்கான வருடாந்த வரிவிலக்கு 18 இலட்சம் ரூபாய். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையிலிருந்து வரும் வருமானத்துக்கும் அன்றிலிருந்து வரி உண்டு, அதன் உச்ச வீதம் 15. மாதக் கணக்கை எழுதி வையுங்கள். மிகுதியைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

கோவில் திருவிழா அறிவிப்புக்கும் மரண அறிவித்தலுக்கும் பணம் வாங்குவதா?

நான் வாங்குவதில்லை. செய்தால் முழுவதும் இலவசமாகச் செய்யுங்கள். பாதி விலை என்று ஒன்றை வைக்க வேண்டாம். பாதி விலை நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவரும், அவரும் அதையே கேட்பார். இலவசத்தை யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை.

செயற்கைக் குரல் தயாரிக்க என் குரலைக் கேட்கிறார்கள். மணித்தியாலக் கட்டணம் நன்றாக இருக்கிறது. கொடுக்கலாமா?

மணித்தியாலக் கட்டணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கே விற்கப்படுவது மணித்தியாலம் இல்லை. சில நூறு வாக்கியங்களை வாசித்துக் கொடுத்த பிறகு, நீங்கள் பார்த்தேயிராத பிரதிகளை உங்கள் குரல் உங்களைக் கேட்காமலே பேசும். கனடாவைச் சேர்ந்த குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புப் பணிக்கென்று முன்னர் பதிவுசெய்து கொடுத்த தன் குரல் அனுமதியின்றி டிக்டொக் செயலியில் பேசுகிறது என்று 2021 இல் வழக்குத் தொடுத்தார். அதே வருடம் அது சமரசத்தில் முடிந்தது. அவரால் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பதானால் எந்தப் பொருளில், எத்தனை வருடத்துக்கு, எந்த வகைப் பேச்சுகள் விலக்கு, பிறருக்கு விற்கலாமா என்பவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் காலம் முழுவதும் உங்கள் கையைவிட்டுப் போகக்கூடிய வேலைகளின் பெறுமதியை வைத்து விலை சொல்லுங்கள். மற்ற எல்லா வேலைகளின் விலைக்கூற்றிலும் இந்த வாக்கியத்தைச் சேர்த்துவிடுங்கள்: "இந்தப் பதிவு மேலே குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் உரியது. செயற்கைக் குரல் உருவாக்குவதற்கோ இயந்திரத்தைப் பயிற்றுவதற்கோ இதைப் பயன்படுத்துவதாயின் எழுத்துமூலமான தனி உடன்படிக்கையும் தனிக் கட்டணமும் வேண்டும்."

விலை கூட என்று சொன்னால் குறைக்கலாமா?

வேலையைக் குறைத்து விலையைக் குறையுங்கள். ஒரு வருட உரிமையை மூன்று மாதமாக்கலாம். எடிட்டிங் செய்யாத கோப்பாகக் கொடுக்கலாம். அவசரமில்லையென்றால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதே வேலைக்கு ஒரே வார்த்தையில் 8,000 ரூபாயை 5,000 ஆக்கினால், முதலில் சொன்ன 8,000 எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிப்பார். புதிய வாடிக்கையாளரிடம் அரைவாசி முற்பணம் வாங்கிக்கொள்வதும், மிகுதி வரும்வரை குறைந்த தரக் கோப்பை மட்டும் கேட்கக் கொடுப்பதும் இந்தத் தொழிலில் வழக்கந்தான், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

பழைய வாடிக்கையாளரிடம் கட்டணத்தை எப்படிக் கூட்டுவது?

தை மாதத்திலிருந்து புதிய கட்டணம் என்றால் கார்த்திகையிலேயே ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள். விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு என்று காரணம் அடுக்க வேண்டியதில்லை. பழைய தொகை, புதிய தொகை, திகதி ஆகிய மூன்றும் போதும். அந்தத் திகதிக்கு முன் ஒப்புக்கொண்ட வேலையைப் பழைய விலையிலேயே முடித்துக் கொடுங்கள், அது மாசி மாதம் வரை இழுபட்டாலும்.